சிறிய உடம்புக்கு மழை தாங்கும் காட்டுப் பை: அளந்து வாங்கும் முறை

வேட்டைக்கென்று வெளிநாட்டில் தைக்கப்படும் முதுகுப்பைகள் இப்போது இணையக் கடைகள் வழியாகக் கோயம்புத்தூர், ஈரோடு வரை வந்து சேர்கின்றன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நம் காடுகளில் வேட்டைப் பேச்சுக்கே இடமில்லை. ஆனாலும் அந்தப் பைகளில் நமக்கு உதவும் குணங்கள் உண்டு. மண்ணோடு ஒட்டிப்போகும் நிறம், நடக்கும்போது சலசலக்காத துணி, மழைக்கு அஞ்சாத தையல். டாப்ஸ்லிப்பில் இருவாச்சி பார்க்கப் போகிறவருக்கும், வால்பாறையில் சிங்கவால் குரங்கைப் படமெடுக்கப் போகிறவருக்கும் இவைதானே வேண்டும்?

சிக்கல் அளவில் இருக்கிறது. அந்தப் பைகளில் பெரும்பாலானவை ஆறடி ஆளுக்கும், அவர் திரும்பும்போது சுமந்து வரும் இறைச்சிக்கும் கணக்குப் போட்டுத் தைத்தவை. ஐந்தடிக்குச் சற்று முன்பின்னாக இருக்கும் என்னைப் போன்றவர்கள் அதை மாட்டினால், பை நம்மைச் சுமப்பதுபோல இருக்கும். எனவே லிட்டர் கணக்கையும் விலையையும் பிறகு பார்க்கலாம். முதலில் தையல்காரரின் அளவு நாடாவை எடுங்கள்.

முதல் படி: முதுகை அளப்பது

பைக்கு வேண்டியது உங்கள் உயரம் அல்ல, முதுகின் நீளம். ஐந்தரை அடி உயரமுள்ளவருக்கும் கால் நீண்டு முதுகு குட்டையாக இருக்கலாம். இதை ஒருவர் தனியாக அளக்க முடியாது. வீட்டில் யாரையாவது கூப்பிடுங்கள்.

தலையை முன்னால் குனியுங்கள். கழுத்து முடியும் இடத்தில் ஓர் எலும்பு புடைத்துத் தெரியும். அதுதான் மேல் புள்ளி. அடுத்து, இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றுங்கள். விலாவுக்குக் கீழே கை தட்டுப்படும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் பெருவிரல்கள் பின்பக்கமாக இருக்கட்டும். இரு பெருவிரல்களையும் இணைக்கும் கற்பனைக் கோடு முதுகெலும்பைத் தொடும் இடம் கீழ்ப்புள்ளி. நிமிர்ந்து நின்று, நாடா முதுகின் வளைவோடு படிந்து போகும்படி இரண்டுக்கும் இடையே அளக்க வேண்டும். விறைப்பான ஸ்கேல் இதற்கு உதவாது.

பதினைந்தரை அங்குலத்துக்குள் வந்தால் பெரும்பாலான நிறுவனங்களில் அது எக்ஸ்ட்ரா ஸ்மால். 16 முதல் பதினேழரை வரை ஸ்மால். 18க்கு மேல் மீடியம். நிறுவனத்துக்கு நிறுவனம் அரை அங்குலம், ஓர் அங்குலம் மாறும் என்பதால் அந்தந்தப் பையின் அளவு அட்டவணையைப் பார்த்துவிடுங்கள். "ஒரே அளவு, எல்லோருக்கும் பொருந்தும்" என்று எழுதியிருந்தால் அது நமக்குப் பொருந்தாது என்றே வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: இடுப்புப் பட்டை

சிறிய உடம்புக்காரர்கள் ஏமாறுவது இங்கேதான். பட்டையை எவ்வளவு பெரிதாக்கலாம் என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும். எவ்வளவு சிறிதாக்கலாம் என்பதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சுமையின் பெரும்பகுதி இடுப்பெலும்பில் உட்கார வேண்டும். தோள் அதைப் பின்னால் சாயாமல் பிடித்துக்கொள்ள மட்டுமே. பட்டை இடுப்பைக் கவ்வவில்லை என்றால் முழுப் பாரமும் தோளுக்கு ஏறிவிடும்.

மாட்டிப் பார்க்கும்போது, பட்டையின் பஞ்சு வைத்த பகுதி இடுப்பெலும்பின் மேல் பாதி மேலும் பாதி கீழுமாகப் படிய வேண்டும். வாரை முழுவதும் இழுத்து இறுக்குங்கள். இறுக்கிய பிறகும் முன்பக்கத்தில் இரு பஞ்சுத் துண்டுகளுக்கும் நடுவே மூன்று நான்கு விரல் இடைவெளி இருந்தால் நல்லது. இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால், அதற்குமேல் இறுக்க வழியில்லை. அரை நாள் நடந்து வியர்த்து, பட்டை கொஞ்சம் தளர்ந்தால் பை இறங்கிவிடும். அந்தப் பையைத் திரும்ப வைத்துவிடுங்கள். கடைக்காரர், "பட்டையை வெட்டித் தைத்துக்கொள்ளலாம், அம்மணி" என்று சொல்வார். நீளமாகத் தொங்கும் வாரை வெட்டி நுனியை மெழுகுவத்தியில் தீய்த்துக்கொள்ளலாம், அது சரி. பஞ்சுப் பகுதியை வெட்டுவது வேறு வேலை. திருப்பூரில் எவ்வளவு கைதேர்ந்த தையல்காரரிடம் கொடுத்தாலும், ஊசி போன ஒவ்வோர் இடமும் மழைக்கு ஒரு வாசல்.

மூன்றாம் படி: வெறும் பையின் எடை

முழு நாள் சுமை உங்கள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும் என்பது நடப்பவர்களின் பொதுவான கணக்கு. இரவு தங்கும் பயணத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு வரை போகலாம். 45 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாள் நடைக்கு நாலரை கிலோதான் வருகிறது. உலோகச் சட்டம் வைத்த வேட்டைப் பை காலியாகவே இரண்டு கிலோவைத் தாண்டும். பிறகு தண்ணீரை எங்கே வைப்பது, கேமராவை எங்கே வைப்பது?

சட்டம் வைத்த பெரிய பை நமக்குத் தேவையும் இல்லை. காட்டுக்குள் இஷ்டத்துக்கு இரவு தங்க அனுமதி கிடையாது. வனத்துறை 2024இல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் முன்பதிவு செய்து வழிகாட்டியோடு போகிறவர்களுக்கு 20 முதல் 28 லிட்டர் தாராளம்.

நான்காம் படி: துணியும் மழையும்

எந்த மழைக்கு வாங்குகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். தாராபுரம், காங்கேயம் பக்கம் மலைமறைவுப் பகுதி. அங்கே ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு விடும். ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வேறு உலகம். ஜூன் முதல் செப்டம்பர் வரை வால்பாறையில், அதிலும் சின்னக்கல்லார் பக்கம், நாள் முழுக்க நிற்காமல் நனைக்கும். முதல் வகைக்கு மழை உறை போதும். இரண்டாவதற்கு அது போதாது.

வேட்டைப் பைகளின் பெருமையே ஓசையில்லாத துணி. கையால் தடவினால் பூனை முதுகுபோல மெத்தென்று இருக்கும். அந்த மென்மயிர்தான் தண்ணீரையும் குடிக்கிறது. நனைந்தால் கனக்கும், காயவும் நேரமாகும். உள்ளே நீர்புகாப் பூச்சு இருந்தாலும் வெளித்துணி ஊறி எடை ஏறுவதைத் தடுக்க முடியாது. சிறிய உடம்புக்கு அந்தக் கூடுதல் எடை பெரிய விஷயம். நான் தேர்ந்தெடுப்பது, உள்பக்கம் பாலியூரித்தேன் பூச்சுள்ள 210 முதல் 420 டெனியர் (நூலின் பருமனைக் குறிக்கும் அளவு) நைலான். துணியை நகத்தால் கீறிப் பாருங்கள். கறகறவென்று கேட்டால் காட்டில் பறவைக்கும் கேட்கும். தட்டையான நெசவாக இருந்தும் மந்தமான ஓசை தருகிற துணிகள் உண்டு, தேடினால் கிடைக்கும்.

தண்ணீர் துணி வழியாக வருவதைவிடத் தையல் வழியாகவும் ஜிப் வழியாகவும்தான் அதிகம் வரும். பையை உள்பக்கம் திருப்பி, தையல் கோடுகளின் மேல் நாடா ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஜிப்பின் மேல் ரப்பர்போலப் பூச்சு இருந்தாலும் அது தூறலுக்குத்தான். வாயைச் சுருட்டி மூடும் பை சிறந்தது. மழை உறையோ முதுகுப் பக்கத்தை மூடாது. கழுத்தில் விழும் மழை முதுகோடு வழிந்து பைக்குள் இறங்கிவிடும். காற்றில் படபடக்கவும் செய்யும்.

ஆகவே பை எதுவானாலும் உள்ளே ஓர் உறை போடுங்கள். சுருட்டி மூடும் உலர் பை வாங்கலாம். சர்க்கரை மூட்டைக்குள் வரும் தடித்த பாலித்தீன் உறையும் நன்றாகவே வேலை செய்யும். அதைக் காட்டில் விட்டுவிட்டு வரக்கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நிறத்தைப் பற்றி ஒரே வரி: காய்ந்த இலைப் பச்சை அல்லது பழுப்பு. ராணுவ உடுப்புபோலப் புள்ளி போட்டதை மாட்டிக்கொண்டு சோதனைச்சாவடியில் நின்று விளக்கம் சொல்வானேன்!

ஐந்தாம் படி: சுமையோடு மாட்டிப் பார்ப்பது

வெறும் பை எல்லோருக்கும் பொருந்தும். மூன்று நான்கு கிலோ வைத்துத்தான் மாட்ட வேண்டும். கடையில் தண்ணீர் பாட்டில் இருந்தால் அதை வையுங்கள். இணையத்தில் வாங்கியிருந்தால் அரிசியைப் பொட்டலம் கட்டி வைத்து, விலைச்சீட்டைக் கிழிக்காமல் வீட்டிலேயே நடந்து பாருங்கள். இறுக்கும் வரிசை முக்கியம். எல்லா வாரையும் தளர்த்திவிட்டு, முதலில் இடுப்புப் பட்டை, பிறகு தோள்வார், அதன்பின் தோளுக்கு மேலிருக்கும் சிறு இழுவார், கடைசியில் மார்புப் பட்டை.

இப்போது பக்கவாட்டுக் கண்ணாடியில் பாருங்கள். தோள்வார் தோளை ஒட்டி வளைந்து இறங்க வேண்டும். தோளுக்கும் வாருக்கும் நடுவே கை நுழைந்தால் பை உங்கள் முதுகைவிட நீளம். மேலே போகும் இழுவார் பையை நோக்கிச் சாய்வாக ஏற வேண்டும். கிடைமட்டமாகவோ கீழ்நோக்கியோ போனாலும் அளவு தப்பு. வார்கள் கழுத்தை அறுத்தாலோ, தோள் முனையிலிருந்து நழுவினாலோ, பெண்களுக்கென வளைத்துத் தைத்த வார் உள்ள பையை மாட்டிப் பாருங்கள். ஆண்களாக இருந்தாலும் கூச்சம் வேண்டாம். குறுகிய தோளுக்கு அதுதான் சரி. தலையை நிமிர்த்தி மரக்கிளையைப் பார்ப்பதுபோலப் பாருங்கள். பின்தலை பையில் இடித்தால் பறவை பார்க்க அது உதவாது. பக்கத்துப் பையிலிருக்கும் தண்ணீர் பாட்டில் கைக்கு எட்டுகிறதா என்பதும் இப்போதே தெரிந்துவிடும்.

வீட்டுச் சோதனையில் தேறிவிட்டால் மருதமலையிலோ சென்னிமலையிலோ படி ஏறுங்கள். சென்னிமலையின் 1320 படிகளில் பாதி ஏறும் முன்பே எந்த வார் எங்கே உரசுகிறது என்று பை சொல்லிவிடும்.

ஆறாம் படி: குழாயடிச் சோதனை

பைக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கி நிரப்பி, உள்ளுறை இல்லாமல், குளியலறை ஷவருக்கு அடியில் பத்து நிமிடம் நிற்க வையுங்கள். வெளியே துடைத்துவிட்டுத் திறந்தால், எந்தத் தாள் கருத்து ஊறியிருக்கிறதோ அந்த இடம் ஓட்டை. பெரும்பாலும் அடித்தையலும் ஜிப்பின் மூலையும்தான். தையலில் என்றால் சீம் சீலர் பசையை உள்பக்கம் பூசி ஒரு நாள் காயவிட்டால் நின்றுவிடும். ஜிப்பில் என்றால் எலக்ட்ரானிக் பொருள்களை அந்த அறையில் வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

மழைக்காட்டிலிருந்து திரும்பியதும் முதுகுப்பக்க வலைத்துணியை விரித்துப் பாருங்கள்; அட்டை ஒளிந்துகொள்ள அதைவிட வசதியான இடமில்லை. பிறகு சோப்புத் தூள் போடாமல் தண்ணீரில் அலசி, நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். ஈரத்தோடு பரண்மேல் போட்டால் உள்பூச்சு பிசுபிசுத்து உரியத் தொடங்கும். அப்படி உரிந்த பையை எந்தப் பசையாலும் மீட்க முடியாது. அதைச் சந்தைக்குக் காய் வாங்க எடுத்துப் போகலாம்.