படம் பார்த்த சூட்டோடு நாவலைத் திறக்கிறவர்களுக்கு

பாலக்காட்டு எல்லையில் இருக்கும் நம் ஆட்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. கொழிஞ்சாம்பாறையோ வேலந்தாவளமோ, வீட்டுக்குள் தமிழ், வெளியே வந்தால் எட்டும் தூரத்தில் ஒரு வாயனசாலை, அதாவது படிப்பகம். டவுனுக்குப் போனால் பிலிம் சொசைட்டிக்காரர்கள் பழைய வெளிநாட்டுப் படம் போடுவார்கள். அப்படி பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவின் ‘ஃபாரன்ஹீட் 451’ (1966) பார்த்துவிட்டு, ரே பிராட்பரியின் 1953 நாவலை மறுபடி எடுக்கப் போகிறவர்களுக்குத்தான் இது. புத்தகத்துக்குத் தடை விழுந்த உலகத்தின் கதை. அங்கே தீயணைப்புக்காரர்களின் வேலையே புத்தகங்களை எரிப்பதுதான். அவர்களில் ஒருவன்தான் நாயகன் மாண்டாக்.

பலரும் செய்யும் தவறு, கையில் பென்சிலோடு உட்கார்ந்து, படத்தில் எதெது இல்லை என்று பட்டியல் போடுவது. எந்திர வேட்டை நாய் இல்லை, பேராசிரியர் ஃபேபர் இல்லை. சரி, இல்லைதான்! அந்த நாய் நாவலில் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தால்தானே மறுவாசிப்பு? மாண்டாக் வீட்டில் புத்தகத்தை ஒளித்து வைத்திருக்கிறான், வெளியே மூச்சு விடவில்லை. ஆனால் தீயணைப்பு நிலையத்தில் எட்டுக் கால் நாய் அவனைப் பார்த்து உறுமுகிறது, மூக்கிலிருந்து ஊசி நீள்கிறது. அதன் நினைவில் யாராவது தன்னைப் பற்றிப் பதிந்துவைத்திருப்பார்களோ என்று அவனுக்கு வயிற்றைக் கலக்குகிறது. பிடிபடுவதற்கு முன்பே பிடிபட்டவனின் பயம் அது. ‘நாய் இல்லை’ என்று குறித்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டுகிறவருக்கு இது தட்டுப்படாது.

அடுத்தது முகம். படத்தில் மாண்டாக்கின் மனைவியாகவும், அவனை யோசிக்கவைக்கும் அக்கம்பக்கத்துப் பெண் க்ளாரிஸாகவும் வருவது ஒரே நடிகை, ஜூலி கிறிஸ்டி. நாவலின் க்ளாரிஸ் பதினேழு வயதுப் பெண். மனைவி மில்ட்ரெட்டோ ரசாயனத்தில் கருகி வைக்கோலான முடியும் பட்டினி கிடந்து மெலிந்த உடம்புமாக இருப்பவள். இந்த வர்ணனைகளைத் தாண்டிக் குதிக்காதீர்கள். க்ளாரிஸ் படத்தில் கடைசிவரை வருவாள், நாவலில் பாதிக்கு முன்பே காணாமல் போய்விடுகிறாள். அந்த வெற்றிடம்தான் மாண்டாக்கைத் துரத்துகிறது.

முடிவுதான் தெரியுமே என்று கடைசிப் பகுதியை ஓட்டிவிடுவது இன்னும் மோசம். பனியில் நடந்தபடி புத்தகங்களை ஒப்பிக்கும் மனிதர்களோடு படம் முடிகிறது. நாவலில் குண்டு விழுந்து நகரமே போய்விடுகிறது. நாம் முதன்முதலில் எங்கே சந்தித்தோம் என்பது முன்பு புருஷனுக்கும் நினைவில்லை, பெண்டாட்டிக்கும் நினைவில்லை. அவள் இருந்த நகரம் அழியும் அந்தக் கணத்தில் அவனுக்கு ஞாபகம் வருகிறது: சிகாகோ.

காதில் செருகும் குட்டி ரேடியோ, சுவர் அளவு டிவி எல்லாம் பலித்துவிட்டதே என்று மார்க் போடுவதையும் விடுங்கள். நாவல் ஜாதகம் இல்லை. மாண்டாக்கின் மேலதிகாரி கேப்டன் பீட்டியின் நீண்ட பேச்சை நிதானமாகப் படியுங்கள். அவன் கணக்கில், புத்தகத்துக்குத் தடை மேலிடத்திலிருந்து தொடங்கவில்லை. ஜனங்கள்தான் முதலில் படிப்பதை விட்டார்கள்.

இன்னொன்று, எந்தப் பதிப்பு என்று பார்க்காமல் பழைய பிரதியை எடுப்பது. 1967இல் அமெரிக்காவில் பாலன்டைன் பதிப்பகம் பள்ளிகளுக்கென்று இதே நாவலை ஆங்காங்கே வெட்டி வெளியிட்டது. பிராட்பரிக்கே 1979 வாக்கில்தான் தெரியவந்தது. எரிப்பதைப் பற்றிய புத்தகத்துக்கே கத்தரிக்கோல்! எழுபதுகளில் அச்சான பாலன்டைன் பிரதி கையில் கிடைத்தால் வைத்துவிட்டு, பிறகு வந்த முழுப் பதிப்பாகத் தேடி எடுங்கள்.