அது அணுகுண்டா, சுரங்க அதிர்வா? அலைப்பதிவைப் படிக்கும் முறை

ஜோகன்னஸ்பர்க் பக்கம் இருக்கிற நம்ம ஆட்களுக்குச் சுரங்க அதிர்வு புதிதல்ல, 2014 ஆகஸ்ட்டில் தங்கச் சுரங்க ஊரான ஓர்க்னியில் 5.5 அளவில் குலுங்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். சரி, இப்படிப்பட்ட அதிர்வையும் அணுகுண்டு வெடிப்பையும் பிரித்தறிய, 2017 செப்டம்பர் 3 வடகொரிய அணுகுண்டுச் சோதனையை எடுத்துப் பழகுங்கள். ஃப்ரீ ஸ்டேட்டில் நமக்கு போஷாஃப் கண்காணிப்பு நிலையம் இருக்கிறதே என்று அதன் பதிவைத் திறக்காதீர்கள். கொரியாவைப் பொறுத்தவரை அது பூமியின் உட்கரு மறைக்கும் நிழல் வட்டத்தில் விழுகிறது, நேரடி பி அலை (முதலில் வந்து சேரும் அழுத்த அலை) வராது. வடகொரியாவுக்குப் பக்கத்தில் இருக்கும் சீனாவின் முதன்ஜியாங் நிலையப் பதிவே நல்லது.

முதலில் பி அலையின் முதல் அசைவைப் பாருங்கள். வெடிப்பு எல்லாப் பக்கமும் தள்ளுவதால் எந்த நிலையத்திலும் அது மேல்நோக்கியே தொடங்கும். சுரங்கம் இடிந்தால் கீழ்நோக்கி. நிலநடுக்கத்தில் திசைக்குத் திசை மாறும். அப்புறம் எஸ் அலையும் (அடுத்து வரும், குறுக்காக ஆட்டும் அலை) மேற்பரப்பு அலையும்: வெடிப்பில் பி அலையோடு ஒப்பிட்டால் இவை சோப்ளாங்கி. ஆழத்தை மட்டும் நம்பாதீர்கள், சுரங்க அதிர்வும் ஆழம் குறைந்ததுதான்.

குண்டின் வலிமைக்கு, கடினப் பாறை என்றால், பி அலையை வைத்துக் கணித்த அதிர்வு அளவில் 4.45 கழித்து 0.75 ஆல் வகுங்கள். விடை 10-இன் அடுக்கு, 10-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தினால் வலிமை கிலோடன்னில் வரும். 6.1 போட்டால் சுமார் 160, அமெரிக்கர்கள் சொன்ன 6.3 போட்டால் 290! அதனால் ஒற்றை எண்ணை அடித்துச் சொல்பவரை நான் நம்புவதில்லை. வெடித்தது அணுகுண்டுதானா என்பதையும் அலை சொல்லாது, அதற்குக் காற்றில் கதிரியக்க செனான் வாயு சிக்க வேண்டும்.