சம்ப் மோட்டாரிலிருந்து டி.சி.எஸ். வரை: ஆலைக் கட்டுப்பாட்டு முறைகளைத் தொடக்கத்திலிருந்து கற்போம்

பி.எல்.சி., ஸ்காடா, டி.சி.எஸ். என்று மூன்று பெயரையும் மனப்பாடம் செய்துகொண்டு வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் நிறைய. வரையறை கேட்டால் கடகடவென்று வரும். ஒரு பேனல் கதவைத் திறந்து "இதில் எது எது என்ன?" என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். அதனால் பெயர்களைக் கடைசியில் பார்ப்போம். முதலில் ஒரு வேலையை முடிப்போம்.

சேலம், ஆத்தூர் வட்டாரத்தில் சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரிக்குப் பஞ்சமில்லை. மரவள்ளிக்கிழங்கைக் கழுவுவதிலிருந்து அரைத்த மாவுப்பாலைச் சலிப்பது வரை தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தரையில் ஒரு சம்ப் (கீழ்த்தொட்டி), உயரத்தில் ஒரு தொட்டி, ஏற்றுவதற்கு ஒரு த்ரீ ஃபேஸ் மோட்டார். பக்கத்தில் ஆள் நிற்காமல் இதை ஓட வைப்பதுதான் பாடம்.

படி 1: செய்ய வேண்டியதைத் தமிழில் எழுதுங்கள்

கம்ப்யூட்டரைத் திறக்க வேண்டாம், ஒரு தாள் போதும். "மேல்தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டார் ஓட வேண்டும். நிரம்பினால் நிற்க வேண்டும். சம்ப்பில் தண்ணீர் இல்லாவிட்டால் ஓடவே கூடாது. ஓவர்லோட் ட்ரிப் ஆனால் (மோட்டார் அளவுக்கு மீறிக் கரன்ட் இழுத்துத் துண்டிக்கப்பட்டால்) நின்று, ஹூட்டர் (எச்சரிக்கை ஒலி) அடிக்க வேண்டும்." இவ்வளவுதான். இதைத் தெளிவாக எழுத முடியாதவருக்கு எந்த மென்பொருளும் உதவாது.

படி 2: உள்ளே வருவதையும் வெளியே போவதையும் பிரியுங்கள்

உள்ளே வருபவை: மேல்தொட்டியில் இரண்டு மிதவை ஸ்விட்ச் (குறைவு, நிறைவு), சம்ப்பில் ஒன்று, ஸ்டார்ட், ஸ்டாப், ஆட்டோ-மேனுவல் ஸ்விட்ச், ஓவர்லோட் ரிலே, கான்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரத்தைச் சேர்த்து வெட்டும் மின்காந்த ஸ்விட்ச்) உண்மையிலேயே இழுத்ததா என்று சொல்லும் துணைக் கான்டாக்ட். மொத்தம் 8 இன்புட். வெளியே போகிறவை: கான்டாக்டர், ஓடுகிறது விளக்கு, ட்ரிப் விளக்கு, ஹூட்டர். 4 அவுட்புட்.

எட்டாவது இன்புட்டைப் பலர் வெட்டிச் செலவு என்று விட்டுவிடுவார்கள். விடாதீர்கள். கட்டளை கொடுத்து இரண்டு விநாடிக்குள் கான்டாக்டர் இழுக்காவிட்டால் காயில் (அதன் மின்காந்தச் சுருள்) போய்விட்டது அல்லது ஒயர் கழன்றுவிட்டது என்று பேனலே சொல்லிவிடும்.

படி 3: பேனலுக்குள் யார் யார்

எந்தக் கட்டுப்பாட்டு முறையானாலும் அளப்பவர், முடிவெடுப்பவர், செய்பவர் என்று மூன்று பேர்தான். இங்கே மிதவைகள் அளக்கின்றன. பி.எல்.சி. (நாம் புரோகிராம் எழுதிக் கொடுக்கும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்) முடிவெடுக்கிறது. கான்டாக்டர் செய்கிறது. மற்றவை துணை: 230 வோல்ட்டை 24 வோல்ட் டி.சி. ஆக்கும் எஸ்.எம்.பி.எஸ்., கரன்ட் மிகுந்தால் தானே விழும் எம்.சி.பி., ஒயர்களை இணைக்கும் டெர்மினல்கள், இடையில் ஒரு குட்டி ரிலே (சிறிய கரன்ட்டால் இயங்கும் ஸ்விட்ச்). பி.எல்.சி.யின் அவுட்புட்டை நேராகப் பெரிய கான்டாக்டர் காயிலில் கொடுக்காமல் இந்த ரிலே வழியாகக் கொடுத்தால், ஏதாவது கெட்டாலும் விலை குறைந்த பொருள்தான் போகும்.

கான்டாக்டரில் ஏ1, ஏ2 என்று இருந்தால் அது காயில். ஓவர்லோட் ரிலேயில் 95-96 சாதாரணமாக மூடியிருக்கும் (கரன்ட் போகும்), 97-98 திறந்திருக்கும் (கரன்ட் போகாது). உலகத்தில் எந்தப் பேனலைத் திறந்தாலும் பெரும்பாலும் இதே எண்கள்தான். ஆனால் உள்ளே 415 வோல்ட் நிற்கிறது. கற்றுக்கொள்ளும் வரை மின்சாரத்தை நிறுத்தி, உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கை வைக்க வேண்டும்.

படி 4: ஒயர் அறுந்தால் என்ன ஆகும்?

ஒவ்வொரு ஒயருக்கும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். ஸ்டாப் பட்டனை, அழுத்தினால் சேர்கிற வகையாகப் போட்டுவிட்டீர்கள், ஒரு நாள் எலி ஒயரைக் கடித்துவிட்டது என்று வையுங்கள். எத்தனை முறை அழுத்தினாலும் மோட்டார் நிற்காது. அதனால் ஸ்டாப் எப்போதும் மூடியிருந்து, அழுத்தினால் திறக்கிற வகையாக இருக்க வேண்டும். அப்போது ஒயர் அறுந்தாலும் மோட்டார் நின்றுவிடும். சம்ப் மிதவையும் அப்படியே: தண்ணீர் இருக்கும் வரை மூடியிருக்கட்டும். மேல்தொட்டியின் நிறைவு மிதவை, நிரம்பினால் திறக்கட்டும்.

எமர்ஜென்சி ஸ்டாப்பைப் புரோகிராம் வழியாக மட்டும் விடுவது கூடவே கூடாது. கான்டாக்டர் காயிலுக்குப் போகும் மின்சாரத்தையே அது நேராக வெட்ட வேண்டும்.

படி 5: லேடர் (பி.எல்.சி.க்கான ஏணிப்படப் புரோகிராம்) எழுதுதல்

1960களின் இறுதி வரை கார் ஆலைகளில் இந்த வேலையை அலமாரி அலமாரியாக ரிலேக்கள் செய்தன. மாடல் மாறும்போதெல்லாம் ஒயரைப் பிரித்து மறுபடி கட்ட வேண்டும். அந்தத் தொல்லைக்கு மாற்று வேண்டும் என்று ஜெனரல் மோட்டார்ஸ் கேட்க, அமெரிக்கப் பொறியாளர் டிக் மோர்லியும் கூட்டாளிகளும் 'மோடிகான் 084' என்ற பி.எல்.சி.யைக் கொண்டுவந்தார்கள். ரிலே படம் பார்த்துப் பழகிய எலக்ட்ரீஷியனுக்குப் புரிய வேண்டும் என்பதால்தான் லேடர் இன்றும் ஏணி மாதிரி இருக்கிறது.

நம் ஏணியின் முக்கியப் படி இது: (ஆட்டோவில் இருந்து தண்ணீர் குறைவு, அல்லது மேனுவலில் ஸ்டார்ட், அல்லது மோட்டார் ஏற்கெனவே ஓடுகிறது) இவற்றில் ஒன்று. அதோடு தொட்டி நிரம்பவில்லை, சம்ப்பில் தண்ணீர் உண்டு, ஸ்டாப் அழுத்தவில்லை, ஓவர்லோட் சரி. எல்லாம் கூடினால் மோட்டார். "ஏற்கெனவே ஓடுகிறது" என்பதுதான் ஹோல்டிங். அது இல்லாவிட்டால் ஸ்டார்ட்டிலிருந்து கையை எடுத்ததும் மோட்டார் நின்றுவிடும்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஸ்டாப் வெளியே மூடிய கான்டாக்ட் என்பதால் லேடரிலும் மூடிய கான்டாக்டையே வரைவார்கள், மோட்டார் ஓடாது. பட்டனை அழுத்தாதபோது அந்த இன்புட்டில் 24 வோல்ட் வந்துகொண்டிருக்கிறது, அதாவது 1. லேடரில் திறந்த கான்டாக்டை வரைந்தால்தான் 1 வரும்போது வழி கிடைக்கும். பி.எல்.சி.க்கு வெளியே இருப்பது பட்டனா மிதவையா என்று தெரியாது. இன்புட்டைப் படி, கணக்குப் போடு, அவுட்புட்டை எழுது. சில மில்லி விநாடிகளுக்கு ஒருமுறை இந்தச் சுற்றைத்தான் சுற்றுகிறது.

படி 6: மோட்டார் இல்லாமல் சோதியுங்கள்

பவர் சர்க்யூட்டின் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, மிதவைகளைக் கையால் தூக்கிப் பாருங்கள். ஆட்டோவில், தண்ணீர் குறைவாக இருக்கும்போது ஸ்டாப்பை அழுத்திக் கையை எடுங்கள். கான்டாக்டர் மறுபடி இழுக்கும்! குறைவு மிதவை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறதல்லவா? பம்ப்பில் கை வைத்திருப்பவர் கதி என்ன? ஸ்டாப் அழுத்தியதை ஒரு மெமரி பிட்டில் பிடித்து வைத்து, ரீசெட் செய்தால்தான் விடுபடும்படி எழுதுங்கள். கரன்ட் போய் வரும்போதும் இதே கதைதான். தண்ணீர் மோட்டார் தானாக ஓடினால் பரவாயில்லை. கிழங்கு அரைக்கிற இயந்திரம் தானாக ஓடக் கூடாது.

படி 7: ஆம்-இல்லை போதாதபோது

தொட்டியில் எத்தனை மீட்டர் என்று தெரிய வேண்டுமானால் லெவல் டிரான்ஸ்மிட்டர் போடுவோம். அது 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை அனுப்பும். 0 முதல் 4 மீட்டர் வரை அளப்பது என்றால் 12 மில்லி ஆம்பியர் 2 மீட்டர். 9 வந்தால் 1.25 மீட்டர். ஏன் பூஜ்யத்திலிருந்து தொடங்கவில்லை? காலித் தொட்டிக்கு 4 வரும், அறுந்த ஒயருக்கு 0 வரும். படி 4-இல் கேட்ட அதே கேள்விக்கு இன்னொரு பதில்.

இப்போது பெயர்கள்

நம் மோட்டார் மாதிரி ஒரே இடத்தில் ஒரு இயந்திரம், வேகமான ஆம்-இல்லை முடிவுகள் என்றால் பி.எல்.சி. போதும். எதிரே ஒரு டச் ஸ்கிரீன் வைத்தால் அது எச்.எம்.ஐ. (மனிதர்-இயந்திர இடைமுகம்).

சாதனங்கள் ஊர் ஊராகச் சிதறிக் கிடந்தால் ஸ்காடா (தொலைவிலிருந்து அளவுகளைச் சேகரித்து மேற்பார்வை பார்க்கும் முறை). சேலத்துக்குக் காவிரித் தண்ணீர் மேட்டூர் பக்கமிருந்து வருகிறது. இப்படி நீண்ட குழாய்ப் பாதையில் ஒவ்வொரு நீரேற்று நிலையத்துக்கும் ஆளை அனுப்பி அளவு எழுதி வாங்க முடியுமா? அங்கங்கே ஒரு ஆர்.டி.யூ. (தொலைமுனைப் பெட்டி) இருந்து அளவை அனுப்பும்; நடு அறையில் திரை, அலாரம், பழைய பதிவுகள் இருக்கும். ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றில் பள்ளத்தில் பம்ப், மேட்டில் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் மலைமுகடு மறைத்தால் ரேடியோ சிக்னல் அறுபடும். அதனால் தொடர்பு போனாலும் கீழே உள்ள பெட்டி தன் வேலையைத் தானே பார்க்க வேண்டும். ஸ்காடா மேற்பார்வை பார்க்கிறது. பம்ப்பின் பாதுகாப்பை அதன் கையில் கொடுக்கக் கூடாது.

டி.சி.எஸ். (பகிர்ந்தளித்த கட்டுப்பாட்டு முறை) வேறு ரகம். மேட்டூர் அனல் மின் நிலையத்தில் 210 மெகாவாட் அலகுகள் நான்கும் 600 மெகாவாட் அலகு ஒன்றும் இருக்கின்றன. இந்த மாதிரிக் கொதிகலனின் டிரம் (நீரும் நீராவியும் பிரியும் கலம்) நீர்மட்டத்தை மட்டும் பார்த்தால் போதாது. போகிற நீராவியையும் வருகிற தண்ணீரையும் சேர்த்துப் பார்த்துத்தான் வால்வைத் திருப்ப வேண்டும். இப்படி ஒன்றோடொன்று பின்னிய நூற்றுக்கணக்கான பி.ஐ.டி. சுற்றுகள் (அளவு விலகும்போதெல்லாம் தானே திருத்தும் சுற்றுகள்), நிறுத்த முடியாத ஓட்டம். அதனால் கட்டுப்படுத்தும் வேலை பல கன்ட்ரோலர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. ஒன்று விழுந்தால் அதன் ஜோடி உடனே ஏற்றுக்கொள்ளும். ஹனிவெல், யோகோகாவா நிறுவனங்கள் 1975-இல் முதல் டி.சி.எஸ்.களை வெளியிட்டன. இன்று பெரிய பி.எல்.சி.கள் இந்த வேலையில் பாதியைச் செய்கின்றன, எல்லைக்கோடு மங்கிவிட்டது.

பழகிப் பார்க்கக் காசு வேண்டாம். கோடெசிஸ், ஓபன் பி.எல்.சி. என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன, சிமுலேஷனும் உண்டு. மேலே உள்ள லேடரை அதில் ஓட்டிவிட்டு, அடுத்து இரண்டு மோட்டாரை முறை வைத்து ஓட்டிப் பாருங்கள்: ஒரு தடவை இது, அடுத்த தடவை அது, ஒன்று ட்ரிப் ஆனால் மற்றது உடனே எடுத்துக்கொள்ள வேண்டும்.