மழைக்கு ஒரு ஜோடி நாவல்: காதல் கதையும் அதிலிருந்து பிறந்த கொலைக் கதையும்

அடைமழைக்குத் துப்பறியும் நாவல் பொருத்தம் என்பது வாசகர்களுக்குப் புதுச் செய்தி இல்லை. அதைவிடச் சுவை கூடிய ஒன்று உண்டு. ஒரு காதல் நாவலைப் படித்து முடித்த சூட்டோடு, அதே பாத்திரங்களை வைத்து வேறொருவர் எழுதிய கொலைக் கதையை எடுப்பது. ஜேன் ஆஸ்டனின் 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' (1813), அதன் நீட்சியாக பி. டி. ஜேம்ஸ் எழுதிய 'டெத் கம்ஸ் டு பெம்பர்லி' (2011) இரண்டும் இதற்கு வாகான ஜோடி. இரண்டாவது கதை தொடங்குவது 1803 அக்டோபரில், புயல் அடிக்கும் ஒரு ராத்திரியில். நம் வடகிழக்குப் பருவமழையும் அக்டோபரில்தான் தொடங்குகிறது என்பதால் காலமும் ஒத்துப்போகும்.

முதலில் நேரக் கணக்கு. மூல நாவல் ஆங்கிலத்தில் ஏறக்குறைய 1,20,000 சொற்கள். நிமிடத்துக்கு 200 சொல் படிப்பவருக்குப் பத்து மணி நேரம் ஆகும். தினம் முக்கால் மணி ஒதுக்கினால் இரண்டு வாரம். உங்கள் வேகம் தெரியாவிட்டால் பத்துப் பக்கம் படித்து நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். மூல நாவல் 'ப்ராஜெக்ட் குட்டன்பர்க்' என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கும். மொழிபெயர்ப்போ பழைய புத்தகமோ வாங்கினால் அத்தியாயங்களை எண்ணிப் பாருங்கள். மொத்தம் 61 இருக்கவேண்டும். சில பதிப்புகளில் மூன்று பாகமாக 23, 19, 19 என்று பிரித்து, ஒவ்வொரு பாகத்திலும் மீண்டும் ஒன்றிலிருந்து எண் போட்டிருப்பார்கள். அதுவும் சரிதான். இருபது, முப்பதோடு முடிந்தால் அது சுருக்கப் பதிப்பு, இந்த வேலைக்கு உதவாது. சுருக்குபவர்கள் முதலில் கைவைப்பது சில்லறைப் பாத்திரங்கள்மேல். மறுஆக்கம் எழுதுபவர்களோ அந்தச் சில்லறைப் பாத்திரங்களைத்தான் தேடிப் பிடித்துக் கொல்வார்கள்.

அதனால் பெயர்ச் சீட்டு அவசியம். புத்தகத்துக்குள் வைக்கிற அளவில் ஒரு அட்டையை எடுத்து, புதிதாக யார் வந்தாலும் பெயர், யாருக்கு என்ன உறவு, வந்த அத்தியாய எண் மூன்றையும் குறித்துவையுங்கள். இரண்டே வரி பேசிவிட்டுப் போகும் ராணுவ அதிகாரியையும் விடவேண்டாம். 15ஆம் அத்தியாயத்தில் விக்கம் என்ற இளைஞனைக் கூட்டிவந்து அறிமுகம் செய்யும் டென்னி அப்படி ஒருவர். மூலத்தில் அவரை மறந்துவிட்டு இரண்டாவது நாவலுக்குப் போனால், காட்டில் கிடக்கும் சடலத்தைப் பார்த்து 'யார் இவர்' என்று முழிக்கவேண்டியதுதான். இன்னொரு குழப்பம்: கர்னல் ஃபிட்ஸ்வில்லியம் ஒருவர், கர்னல் ஃபார்ஸ்டர் வேறொருவர், நாயகன் டார்சியின் முதல் பெயரும் ஃபிட்ஸ்வில்லியம். மூன்றையும் தனித்தனி வரியில் எழுதுங்கள்.

காதல் நாவலில் முடிவு எல்லோருக்கும் தெரியும். எனவே 'சேருவார்களா' என்று அவசரப்பட்டுப் புரட்டுவதில் பயன் இல்லை. நாயகி எலிசபெத் எந்தத் தகவலை வைத்து டார்சியைத் தப்பாக எடைபோடுகிறாள் என்று பாருங்கள். 34ஆம் அத்தியாயத்தில் டார்சி தன் காதலைச் சொல்லி மூக்குடைபடுகிறான். 35இல் அவன் நீண்ட கடிதம் வருகிறது. அங்கே புத்தகத்தை நிறுத்திவிட்டு 16ஆம் அத்தியாயத்துக்குத் திரும்புங்கள். முந்தின நாள்தான் அறிமுகமான விக்கம், டார்சி தனக்கு அநியாயம் செய்துவிட்டதாகத் தன் கதை முழுவதையும் அவளிடம் கொட்டுகிறான். முதல் தடவை படிக்கும்போது பாவமாக இருக்கும். இப்போது, முன்பின் தெரியாதவளிடம் இவன் ஏன் இதையெல்லாம் சொல்லவேண்டும் என்று உறுத்தும். அதன்பிறகு 36ஐப் படித்தால், எலிசபெத்தும் அதே இடத்தில்தான் உறுத்தப்படுகிறாள். தடயம் கண்முன்னே கிடந்தும் காணாமல் போவது துப்பறியும் கதையின் வித்தை. அதை ஆஸ்டன் ஒரு காதல் கதைக்குள் செய்துவைத்திருக்கிறார். 35, 16, 36 என்று இந்த மூன்று அத்தியாயங்களையும் ஒரே அமர்வில் படிப்பது உத்தமம்.

மூலம் முடிந்ததும் மூன்று நான்கு நாள் இடைவெளி விடுங்கள். உடனே தாவினால் ஆஸ்டனின் கிண்டல் காதிலேயே இருக்கும், ஜேம்ஸின் நிதானமான நடை சப்பென்று தெரியும். இந்த ஜோடியில் பலர் ஏமாறுவது இங்கேதான். இரண்டாவது நாவலைத் தொடங்குவதற்கு முன் 43ஆம் அத்தியாயத்தின் முதல் சில பக்கங்களை மட்டும் மறுபடி படியுங்கள். டார்சியின் பண்ணையான பெம்பர்லியின் காடு, ஏற்றப் பாதை, வீடு, முன்னால் ஓடும் ஓடை எல்லாம் அங்கே இருக்கின்றன. கொலை நடப்பது அதே காட்டில். ஒரு துண்டுத் தாளில் கோட்டுப்படமாகப் போட்டுக்கொண்டால் பின்னால் யார் எந்த வழியாக வந்தார் என்பது குழம்பாது.

வரிசையை மாற்றவே கூடாது. ஜேம்ஸின் முன்னுரைப் பகுதி பழைய கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறது. அதை முதலில் படித்தவருக்கு மூல நாவலின் திருப்பங்கள் எல்லாம் பாழ்.

இதில் ஷெர்லாக் மாதிரி ஒருவரை எதிர்பார்க்காதீர்கள். லண்டன் பெருநகரக் காவல்துறை உருவானதே 1829இல். கதை நடக்கும் காலத்தில் விசாரிப்பது உள்ளூர் மாஜிஸ்திரேட்டுகள். டார்சியும் மாஜிஸ்திரேட்தான், ஆனால் சொந்த நிலத்தில் நடந்த விவகாரம் என்பதால் ஒதுங்கி நிற்கவேண்டியிருக்கிறது. நாவல் ஆறு பாகம். நான்காவதான மரண விசாரணை முடிந்ததும், ஐந்தாவதான நீதிமன்ற விசாரணைக்குள் போகும் முன் நிறுத்தி, கொலையாளி யார், காரணம் என்ன என்று பெயர்ச் சீட்டின் பின்பக்கம் எழுதிவையுங்கள். மனசுக்குள் நினைத்தால் போதாது. முடிவு தெரிந்தபின் 'நான் அப்பவே நினைச்சேன்' என்று நாமே நம்மை ஏமாற்றிக்கொள்வோம்.

ஆஸ்டன் ஒத்துவராதவர்களுக்குக் கோனன் டாயிலின் 'தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்'. 1901 ஆகஸ்ட் முதல் 1902 ஏப்ரல் வரை ஸ்ட்ராண்ட் இதழில் தொடராக வந்தது, 15 அத்தியாயம், ஒரு வாரத்தில் முடிந்துவிடும். பத்தாம் அத்தியாயம் வாட்சனின் டைரி. அக்டோபர் 16 என்று தேதியிட்டு, மூட்டமும் தூறலுமாகத் தொடங்குகிறது. ஹோம்ஸ் நடுவில் பல அத்தியாயங்களுக்கு ஆளே இல்லை என்று அலுக்கவேண்டாம், அந்த இடைவெளிதான் நீங்கள் துப்பறிய வேண்டிய இடம். 11ஆம் அத்தியாயத்தோடு நிறுத்திச் சந்தேகத்தை எழுதுங்கள், 12இல் ஹோம்ஸ் பெயரைச் சொல்லிவிடுவார். பிறகு இதைத் தழுவிய இந்திப் படமான 'பீஸ் சால் பாத்' (1962) பாருங்கள். நாயின் இடத்தில் ஒரு பெண் ஆவி உலவும். எதை வைத்துக்கொண்டார்கள், எதை மாற்றினார்கள் என்று பார்ப்பதிலேயே ஒரு சாயங்காலம் போய்விடும்.

பழைய பிரதி வாங்குபவர்கள் கடையிலேயே கடைசிப் பதினாறு பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிடுங்கள். எழுத்தைப் படிக்காதீர்கள், பக்க எண்ணை மட்டும் பாருங்கள். தையல் விட்டால் ஒரு ஃபாரம், அதாவது சேர்த்து மடித்துத் தைத்த பதினாறு பக்கக் கட்டு, அப்படியே கழன்றுபோகும், அதிலும் அட்டையோடு ஒட்டிய கடைசி ஃபாரம்தான் முதலில் போகும். துப்பறியும் நாவலில் அது போனால் மிச்சம் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

சாரலில் நனைந்துவிட்டால் பக்கங்களைப் பிரிக்க இழுக்காதீர்கள், ஈரத் தாள் கிழியும். புத்தகத்தை விசிறிபோல் லேசாக விரித்து நிறுத்தி, ஃபேன் காற்று நேரடியாக அடிக்காத இடத்தில் வையுங்கள். சொட்டுவது நின்றதும் இருபது பக்கத்துக்கு ஒன்றாக வெள்ளைத் தாள் செருகி, ஈரமானதும் மாற்றுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். வெயிலும் இஸ்திரிப் பெட்டியும் வேண்டாம், தாள் சுருண்டுவிடும். தொட்டால் சில்லிப்பு இல்லை என்றான பிறகே மேலே கனமான புத்தகங்களை அடுக்குங்கள். அதற்குமுன் பாரம் ஏற்றினால் நடுப்பக்கங்கள் ஒட்டிக்கொண்டு பூஞ்சை பிடிக்கும்.