ஊட்டி மார்க்கெட் சந்தில் ஒரு பங்க் இசைக்குழு, ஒரு பிணம்: இருண்ட நகைச்சுவையோடு மர்மக்கதை எழுதுவது எப்படி

முதலில் பொட்டானிக்கல் கார்டன், படகு இல்லம், பொம்மை ரயில் எல்லாவற்றையும் கதையிலிருந்து வெளியே தள்ளுங்கள். அவை சீசனுக்கு வருபவர்களின் ஊட்டி. உங்கள் கதை நடக்க வேண்டியது மார்க்கெட்டுக்குப் பின்னால், கேரட் மூட்டை இறங்குகிற சந்தில், அல்லது வீட்டோடு வீடு ஒட்டிக்கிடக்கிற காந்தலில். ஜூலை மாதம், விடாத தூறல், காலியான லாட்ஜுகள், சீசன் வேலை முடிந்து கையில் காசில்லாத பையன்கள். இந்தச் சூழலில் நாலு பேர் சேர்ந்து பழைய காய்கறிக் கிடங்கை வாடகைக்கு எடுத்து, காதைப் பிளக்கிற மாதிரி வாசித்தால், அதுதான் பங்க்.

பங்க் என்றால் நட்டுக்க நிற்கும் முடியும் கிழிந்த சட்டையும் என்று நினைத்து எழுதினால் கதை வேஷப் போட்டியாகிவிடும். 1970களின் நடுவில் நியூயார்க்கின் பௌரி தெருவிலும் அப்புறம் லண்டனிலும் அது கிளம்பியபோது, அதன் அடிப்படை ஒன்றுதான்: யாரும் வாய்ப்புக் கொடுக்கும்வரை காத்திருக்காதே, தெரிந்த மூன்று கிட்டார் கார்டுகளை (ஸ்வரக் கூட்டுகளை) வைத்து இன்றைக்கே வாசி. நியூயார்க் பங்க் குழுவான ரமோன்ஸ் 1976இல் கொண்டுவந்த முதல் இசைத்தட்டில் 14 பாட்டு, மொத்தமே அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். உங்கள் அத்தியாயங்களுக்கும் அந்த அளவு போதும். ஆனால் உங்கள் குழு நியூயார்க்கைப் பார்த்து நகல் எடுக்கக் கூடாது. ஒருவன் தேயிலைத் தோட்ட லைன் வீட்டுப் பிள்ளை, தாத்தா காலத்தில் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பம். அவன் வாசிப்பது பறை. இன்னொருத்தி வீட்டில் படகா பேசுகிறவள், கோபம் வந்தால் பாட்டிலும் அந்த மொழிதான் வரும். அந்தக் கோபத்துக்கான காரணத்தை நீங்கள் உண்மையிலேயே மதிக்க வேண்டும். பறையையோ சாதியையோ வைத்துச் சிரிப்பு மூட்டப் பார்த்தால் அங்கேயே கதையை மூடிவிடுங்கள்.

சரி, பிணத்துக்கு வருவோம். சாவு அந்த இடத்திலிருந்தும் அந்தத் தொழிலிலிருந்தும் பிறக்க வேண்டும், எங்கிருந்தோ ஒரு துப்பாக்கி வந்தால் நம்ப முடியாது. ஊட்டி ஈரத்தில் பறையின் தோல் தொய்ந்துபோகும், அனலில் காட்டினால்தான் விறைக்கும், ஓசை எழும்பும். ஆகவே கிடங்கில் ஒரு கரி அடுப்பு உண்டு. பாடுகிறவனுக்கு வீசிங், புகை ஆகாது, அதனால் குழுவில் ஒரு கட்டளை: தோல் விறைத்ததும் அடுப்பு வெளியே போய்விட வேண்டும். "நமக்கு ஒரு டீ கூட சூடா கெடைக்கல, இந்தப் பறைக்கு மட்டும் ராஜ மரியாதை" என்று கிட்டார்காரி தினமும் சண்டை பிடிப்பாள். இதை மூன்று இடத்தில் சண்டையாகவே எழுதி வையுங்கள், வாசகர் சிரித்துவிட்டுப் போகட்டும்.

அப்புறம் ஒரு காலையில் பாடகன் கிடங்குக்குள் செத்துக் கிடக்கிறான். அறை சாத்தியிருக்கிறது, மூலையில் அணைந்த கரி. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை வாசனையும் இல்லை, ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும், அதனால் இறந்தவர் உடலில் ரத்தம் தேங்கிய இடங்கள் செர்ரிச் சிவப்பாகத் தெரியும். மலை ஊர்களில் குளிருக்குக் கரி மூட்டி, கதவைச் சாத்திப் படுத்து இறந்தவர்கள் உண்டு, ஆகவே எல்லோரும் விபத்து என்றுதான் சொல்வார்கள். போலீஸ் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 194இன் கீழ் சந்தேக மரணமாகப் பதிவு செய்யும், கொலை என்று தெரிந்த பிறகு புதிய தண்டனைச் சட்டமான பிஎன்எஸ் 103க்கு மாற்றும். 2024 ஜூலைக்குப் பிறகு நடக்கிற கதையில் 174, 302 என்று பழைய எண்களைப் போட்டுவிடாதீர்கள். இறந்த நேரத்தை மருத்துவர் மணி சொல்லி அடிப்பதும் வேண்டாம். குளிரில் உடல் சீக்கிரம் ஆறும், ஆனால் விறைப்பும் அழுகலும் தாமதமாகும், அந்தக் குழப்பம் உங்களுக்கு நல்லது.

நேரத்தை வேறொருவர் சொல்லட்டும். என் கணக்கில் இந்த வகைக் கதையின் உயிர் அந்த ஆள்தான்: குழுவை மனதார வெறுக்கிற மாடி வீட்டு அம்மா. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம், அதனால் தினமும் சத்தம் நின்ற நேரத்தை நோட்டில் எழுதி மனு மேல் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார். கிடங்குச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தாலும் அவருக்கு எல்லாம் கேட்கும், ஏனென்றால் முட்டை அட்டை அறைக்குள் எதிரொலியைத்தான் கொஞ்சம் குறைக்கும், சத்தம் வெளியே போவதைத் தடுக்காது. இப்போது இந்த உரையாடலைப் பாருங்கள்:

"நேத்து எத்தனை மணிக்குச் சத்தம் நின்னுச்சும்மா?"

"பத்தே முக்கால் சார், நோட்டுல இருக்கு பாருங்க. நேத்து பரவால்ல, அந்த டமடம இல்ல, கிட்டார் மட்டும்தான்."

"அந்தப் பாடற பையன் செத்துட்டாம்மா."

"ஐயையோ, சின்னப் பையனாச்சே." கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அப்ப என் மனுவ மூடிருவீங்களா சார்?"

வாசகர் கடைசி வரியில் சிரிப்பார், சிரித்த வேகத்தில் இரண்டாவது வரியை மறந்துவிடுவார். ஆனால் தடயம் அங்கேதான் இருக்கிறது. அன்று பறை அங்கே இல்லை, கோத்தகிரியில் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தது. பறை இல்லாத ராத்திரியில், புகை ஆகாதவன் இருக்கிற அறையில், கரி பற்றவைத்தது யார்? காற்றுப் போக விட்டிருந்த சின்ன ஜன்னலின் மேல் புது முட்டை அட்டை ஒட்டியது யார்? தடயத்தைச் சிரிப்புக்கு ஒரு வரி முன்னால் வையுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். சோகக் காட்சியில் வைத்தால் வாசகர் கவனமாக இருப்பார், கண்டுபிடித்துவிடுவார்.

அந்த அம்மாவைக் கேலிப் பொருளாக்காதீர்கள். அவருக்கு மனு உண்மையிலேயே முக்கியம், ஆறு மாதத் தூக்கம் போயிருக்கிறது. சாவு நடந்த வீட்டிலும் மனிதர்கள் பால் பாக்கெட்டையும் வாடகை பாக்கியையும் நினைப்பார்கள், இருண்ட நகைச்சுவை என்று நான் சொல்வது அதைத்தான். செத்தவனைப் பார்த்து ஒரு வரிகூடச் சிரிக்கக் கூடாது.

யார் மலைக்கு வந்தார்கள் என்பதற்கு இ-பாஸ் உதவும். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் அதை எடுத்துத்தான் வர வேண்டும். குழுவின் கோவைக்கார மேனேஜர் பெயரில் பாஸ் இல்லை என்று எல்லோரும் அவனை விட்டுவிடுவார்கள். மேட்டுப்பாளையத்தில் அரசுப் பேருந்து ஏறி வந்தால் பாஸ் எதற்கு? இந்த விஷயம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம்.

எழுதி முடித்ததும் நண்பர் ஒருவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள், அவர் முகத்தையே பாருங்கள். "டமடம இல்ல" என்ற இடத்தில் புருவம் உயர்ந்தால் அந்த வரியை இன்னும் சுருக்குங்கள், மனு வரியில் சிரிப்பு வராவிட்டால் நடுவில் இருக்கும் மௌனத்தை நீட்டுங்கள்.