அச்சு முறிந்த டாங்கிகள்: மாதிரி கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் உள்ள என் வீட்டு மாடிக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து இளைஞர்கள் தாங்கள் கட்டும் பிளாஸ்டிக் டாங்கி மாதிரிகளுடன் வருவது சில ஆண்டுகளாக வழக்கமாக இருக்கிறது. சென்ற மாதம் காவேரிப்பட்டணத்துக் கல்லூரி மாணவர் ஒருவர், மூன்று மாதம் உழைத்து முடித்த 1/35 அளவு (அசலில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு), சோவியத் வகை டி-55 டாங்கியைச் செருப்புப் பெட்டியில் பஞ்சு பரப்பி எடுத்துவந்தார். வெளியே தூக்கியபோது இடப்பக்கச் சக்கரங்களில் இரண்டு, அச்சோடு கழன்று பெட்டிக்குள் விழுந்தன. "பஸ்ஸில் குலுங்கிவிட்டது அண்ணா" என்றார். முறிந்த இடம் கண்ணாடித் துண்டின் விளிம்புபோல் வழவழப்பாக இருந்ததைப் பார்த்ததும், குலுக்கலுக்கு முன்பே அந்தப் பாகம் செத்துவிட்டது என்பது எனக்குப் புரிந்தது. ஏழு ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறுதான் அது.

வழிகாட்டித் தாளைப் படிக்க வேண்டும், பாகங்களை அவை ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து கையால் திருகி எடுக்கக் கூடாது என்பவற்றை நான் எழுதப்போவதில்லை. முதல் கிட்டை (பாகங்களாக வரும் மாதிரிப் பெட்டியை) முடிப்பதற்குள் அவை யாருக்கும் தாமாகவே விளங்கிவிடும்.

வாஷ் ஊற்றிக் குளிப்பாட்டுவது

வாஷ் என்பது ஆயில் பெயின்டையோ எனாமலையோ டர்பன்டைன் போன்ற திரவத்தில் நீர்க்கக் கரைத்து, ஆணித்தலைகளைச் சுற்றியும் தகடுகளின் இணைப்புகளிலும் நிழல் படிய வைக்கும் வேலை. நன்றாகச் செய்தால் வெறும் பச்சைப் பிளாஸ்டிக்காகத் தெரிந்த ஒன்று சில நிமிடங்களில் இரும்பாக மாறிவிடும். அந்த மாற்றத்தைக் கண்ட மகிழ்ச்சியில் புதியவர்கள் பெரிய பிரஷ்ஷை எடுத்து, அடிப்பாகம் முழுவதும் சொட்டச் சொட்டப் பூசிவிடுகிறார்கள்.

நான் அப்படிப் பாழாக்கியது செஞ்சூரியன் டாங்கி. இந்திய-பாகிஸ்தான் போரில், 1971 டிசம்பர் 16 அன்று பசந்தர் சண்டையில், தீப்பற்றிய டாங்கியை விட்டு வெளியேற மறுத்துப் போரிட்டு, 21 வயதில் உயிர்நீத்துப் பரம்வீர் சக்ரா பெற்ற பூனா ஹார்ஸ் படைப்பிரிவின் அருண் கேத்தர்பால் இயக்கிய 'பாமகுஸ்தா' என்ற பெயர்கொண்ட டாங்கியாக அதைக் கட்ட வேண்டும் என்று ஓராண்டு படங்களைத் திரட்டி, பெங்களூர் போய்க் கிட் வாங்கி வந்தேன். செஞ்சூரியனுக்குப் பக்கத்துக்கு ஆறு சக்கரங்கள். அவை இரண்டிரண்டாக மூன்று போகிகளில், அதாவது சக்கரச் சட்டங்களில், தொங்கும். ஒவ்வொரு போகியின் மெல்லிய கைகளையும் சீவிப் பொருத்த எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. கடைசியில் ஓர் இரவு அடிப்பாகம் முழுவதையும் வாஷில் நனைத்துவிட்டு உறங்கப் போனேன். காலையில் நான்கு போகிகள் விரிசல் விட்டிருந்தன. அதை நினைக்கையில் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. ஏனென்றால் அந்தத் திரவம் என்ன செய்யும் என்று ஒருவர் ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் அது நடந்திருக்காது.

நடப்பது இதுதான். கிட்டின் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன் வகையைச் சேர்ந்தது. டர்பன்டைன் அதைக் கண்ணுக்குத் தெரியக் கரைப்பதில்லை. ஆகவே ஆபத்தில்லை என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் ஒரு பாகம் இழுவிசையிலோ வளைவிலோ இருக்கும்போது, அதன் நுண்ணிய கீறல்களுக்குள் திரவம் புகுந்து அவற்றைப் பெரிதாக்கி, பாகத்தை உள்ளிருந்தே பிளக்கிறது. வெளிப்புறத்தைப் பெயின்ட் காக்கும். அச்சுத் துளைகளின் வழியே உள்ளே கசிந்தால் அங்கே பெயின்ட் இல்லை, காற்றோட்டமும் இல்லை. மூடிய உடலுக்குள் திரவம் மணிக்கணக்கில் ஆவியாகாமல் தேங்கி நிற்கும். துளையில் அழுத்தித் திணித்த அச்சும், இறுக்கமான டிராக் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை) இழுத்துக்கொண்டிருக்கும் முன்சக்கரமும் முதலில் போகும்.

ஆகவே உடலை மூடுவதற்கு முன்பே உட்புறத்துக்கும் துளைகளுக்கும் பிரைமர் எனும் அடிப்பூச்சை அடித்துவிட வேண்டும். அச்சு துளைக்குள் தளர்வாக இறங்கும்வரை சுரண்டிச் சரிசெய்த பிறகே ஒட்ட வேண்டும். வண்ணத்தின்மேல் பளபளப்பு வார்னிஷ் அடித்து ஒரு முழு நாள் காயவிட்டு, மிக மெல்லிய பிரஷ்ஷின் நுனியால் ஆணித்தலையின் ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் தொட்டால் போதும். திரவம் தானாகவே கோட்டின் வழியே ஓடிவிடும். தேங்குவதை உலர்ந்த பிரஷ்ஷால் உடனே உறிஞ்சிவிட வேண்டும். சக்கரங்களையும் டிராக்கையும் வாஷ் காய்ந்த பிறகு மாட்டுவதே நல்லது. அடிப்பாகத்துக்குத் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வாஷைப் பயன்படுத்தினால் இந்த அச்சமே வேண்டியதில்லை; நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

டிராக்கைச் சைக்கிள் செயின்போல் இழுத்துக் கட்டுவது

அந்த மாணவரின் டி-55-இல் இந்தக் குறையும் இருந்தது. டி-55-க்கு மேற்பக்கத்தில் டிராக்கைத் தாங்கும் சிறு உருளைகள் கிடையாது. உண்மையான வண்டியில் இரும்பு டிராக்கின் மேற்பகுதி தன் எடையால் தொய்ந்து சக்கரங்களின்மேல் படுத்திருக்கும். மென்மையான வினைல் டிராக்காக இருந்தால் சக்கரத் தலைகளோடு சேர்த்து ஒட்டித் தொய்வைக் காட்ட வேண்டும். இழுத்து மாட்டினால் தோற்றமும் பொய்யாகிறது, அச்சுகளும் ஓயாத இழுவிசையில் நிற்கின்றன.

பெயின்ட் கடைத் தின்னர்

மர வார்னிஷுக்கு விற்கும் என்.சி. தின்னர் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். கருவிகளைக் கழுவ மட்டும் பயன்படுத்துங்கள்.

சித்திரை மதியத்தில் ஏர்பிரஷ்

நம் ஊர்ப்பக்கத்துக் கோடையில், காற்றழுத்தத்தால் பெயின்டைத் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷிலிருந்து புறப்படும் துளி மாதிரியைச் சேர்வதற்குள் பாதி காய்ந்து, பரப்பு மணல்தாள்போல் சொரசொரப்பாகிவிடும். காலை எட்டு மணிக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் பெயின்டை இன்னும் நீர்க்கக் கலந்து, உலர்வதைத் தாமதப்படுத்தும் திரவம் சில துளிகள் சேர்க்க வேண்டும். ஐப்பசி மழைநாளில் இதற்கு நேர்மாறான தொல்லை: லேக்கர் வார்னிஷ் ஈரத்தை இழுத்துப் பால்போல் வெளுத்துவிடும்.

முகமூடி

ஏர்பிரஷ்ஷுக்கும் உப்புத்தாளுக்கும் முகமூடி கட்டாயம்.

மங்கல் பரப்பில் டெக்கால்

மங்கலான பெயின்ட் நுண்ணிய மேடுபள்ளங்களால் ஆனது. அதன்மேல் நேராக டெக்கால் (எண்களும் சின்னங்களும் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படம்) ஒட்டினால் அடியில் காற்று சிக்கி, எழுத்தைச் சுற்றி வெள்ளி நிறத் தகடு தெரியும். முதலில் பளபளப்பு வார்னிஷ், பிறகு டெக்கால், அதன்மேல் டெக்காலை மென்மையாக்கும் திரவம், கடைசியில் மங்கல் வார்னிஷ் என்ற வரிசையை மாற்றக் கூடாது.

தோட்டத்து மண்

பர்கூரிலிருந்து வரும் தம்பி ஒருவர், தம் நிலத்துச் செம்மண்ணைச் சலித்துப் பசையோடு குழைத்துப் பசந்தர் டாங்கியின் சக்கரங்களில் பூசியிருந்தார். உழைப்பு பெரிது என்றாலும் இரண்டு தவறுகள் அதில் உள்ளன. அரை மில்லிமீட்டர் மண்துகள் 1/35 அளவில் பதினேழரை மில்லிமீட்டராகிறது; அதாவது சக்கரமெங்கும் புளியங்கொட்டை அளவுக் கற்கள் ஒட்டியிருப்பதாகப் பொருள். மேலும், பசந்தர் ஆற்றங்கரை பஞ்சாப் சமவெளியின் வண்டல் பூமி; அங்கே வெளிறிய பழுப்பு மண்தான் இருக்கும், நம் செம்மண் இராது. மாவுபோல் அரைத்த வண்ணப்பொடியில் அந்தப் பழுப்பை இரண்டு மூன்று சாயல்களாகக் கலந்து, ஈரமான இடத்தில் அடர்த்தியாகவும் காய்ந்த இடத்தில் வெளுப்பாகவும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரோடு அமர்ந்து பூசப்போகிறேன். சக்கரங்களைக் கழற்றி எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.