பழைய காரில் பின் ஆக்சில் மாற்றும்போது: வெல்டிங்குக்கு அவசரம் வேண்டாம்

ஆக்சில் வாங்கும் முன் இரண்டு அளவுகளைப் பாருங்கள். ஒன்று, இரு பக்கமும் வீல் உட்காரும் முகங்களுக்கு இடையிலான அகலம். மற்றொன்று, லீஃப் ஸ்பிரிங்குகளின் மைய இடைவெளி. ஸ்பிரிங் பேடை (ஆக்சிலில் ஸ்பிரிங் உட்காரும் தட்டு) முதலில் டேக் மட்டும், அதாவது சின்னப் புள்ளி வெல்டு மட்டும் வையுங்கள். வண்டியின் முழு எடையும் ஸ்பிரிங்கில் இறங்கிய பிறகு பினியன் கோணத்தை, அதாவது புரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் ஆக்சில் மூக்கின் சாய்வை, சரிபார்த்து, அப்புறம்தான் முழு வெல்டு. ஜாக்கியில் தொங்கும்போது வைத்த கோணம் தரையில் மாறிவிடும். ஓடும்போது அதிர்வாகத் தெரியும். ஆக்சிலை ஸ்பிரிங்கோடு கட்டும் யூ போல்ட்டைக் கழற்றினால் அதையே திரும்பப் போடவே போடாதீர்கள், இழுபட்ட போல்ட் பிடிமானம் தராது.

பிரேக்கில் பலர் கோட்டை விடும் இடம் மாஸ்டர் சிலிண்டர், அதாவது பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலை அழுத்தி அனுப்பும் பாகம். டிரம் பிரேக்குக்கான பழைய மாஸ்டரில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைத் தேக்கும் வால்வு இருக்கலாம். டிஸ்க் பிரேக் போட்டால் அது பிரேக் பேடை விடாமல் அழுத்தி, வீலைச் சுட வைக்கும். வீல் இறுகியிருக்கும்போது காலிப்பரில் (பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகம்) இருக்கும் பிளீடர் நிப்பிளை, அதாவது காற்றையும் ஆயிலையும் வெளியேற்றும் சின்னத் திருகை, திறந்து பாருங்கள். வீல் விட்டால் அழுத்தம் லைனில் தேங்கியிருக்கிறது. மாஸ்டர் அல்லது ஹோஸ்தான் காரணம். விடாவிட்டால் காலிப்பர் பிஸ்டனோ ஸ்லைடு பின்னோ இறுகியிருக்கிறது.

பிரேக் பிடிக்கும்போது பின் வீல் முதலில் லாக் ஆனால் (உருளாமல் நின்றுவிட்டால்) வண்டி சுழலும். பின் லைனில் புரோபோர்ஷனிங் வால்வு (பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு) வைத்து, ஆளில்லாத இடத்தில் குறைந்த வேகத்தில் முன் வீல் முதலில் லாக் ஆகும்படி வால்வைத் திருகிச் சரிசெய்யுங்கள். ஆக்சில் முழுதாகத் தொங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடக் கூடாது.